வெளிநாட்டு சைட் வேலைக்குப் போகிறவர்கள் மலேரியா மாத்திரை போடணுமா? எது, எத்தனை நாள்?

செங்கோணம்
மேற்கு ஆப்பிரிக்காவில் சாலை, பாலம் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆறு வாரம் சைட், மூன்று வாரம் லீவு என்று ரொட்டேஷன். கையில் தரும் தாளில் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மலேரியாவுக்கு "கொசுக்கடியைத் தவிர்க்கவும்" என்று ஒரே வரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாத்திரை அவசியமா? இந்த ரொட்டேஷனுக்கு எது சரிவரும்? சின்ன வயசில் மலேரியா வந்து போனவர்களுக்கு உடம்பில் எதிர்ப்பு இருக்கும் என்கிறார்களே, அவர்களுக்கும் வேண்டுமா?

மருந்துப்பெட்டி
கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஆட்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஆசியாவில் பலருக்கு வந்து போயிருப்பது வைவாக்ஸ் வகை. படுத்தி எடுக்கும், உயிரை எடுப்பது குறைவு. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட எல்லாமே ஃபால்சிபாரம். மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று ஒரே நாளில் தாக்கக்கூடியது. வைவாக்ஸ் வந்து போனது இதற்குக் காப்பு ஆகாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இருக்கும் எதிர்ப்பு, குழந்தையிலிருந்து திரும்பத் திரும்பக் கடிபட்டு வந்த அரைகுறை எதிர்ப்பு. அவர்களே வேறு நாட்டில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினால் அது தேய்ந்துவிடும். அதனால் எல்லோருக்கும் வேண்டும்.

இப்போது மாத்திரை. நடைமுறையில் மூன்றுதான்.

அட்டோவாகுவோன்-புரோகுவானில்: பெரியவர்களுக்கு 250/100 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பம், இருக்கும் நாள் முழுக்க, திரும்பிய பின் 7 நாள்.
டாக்சிசைக்ளின்: 100 மில்லிகிராம், தினம் ஒன்று. ஒன்றிரண்டு நாள் முன்பு ஆரம்பம், திரும்பிய பின் 4 வாரம்.
மெஃப்ளோகுவின்: 250 மில்லிகிராம், வாரம் ஒன்று. 2, 3 வாரம் முன்பே ஆரம்பம், திரும்பிய பின் 4 வாரம்.

இந்த 7 நாளுக்கும் 4 வாரத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கொசு கடித்ததும் கிருமி நேராக ஈரலுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் அங்கே பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. அட்டோவாகுவோன் கூட்டு ஈரலில் இருக்கும்போதே ஃபால்சிபாரத்தைக் கொல்கிறது. மற்ற இரண்டும் ரத்தத்துக்கு வந்த பிறகுதான் பிடிக்கும். கடைசி நாள் இரவு கடித்த கொசுவின் கிருமி ரத்தத்துக்கு வரும்போது மருந்து உடம்பில் இருக்க வேண்டும், அதற்குத்தான் 4 வாரம்.

உங்கள் ரொட்டேஷனுக்குக் கணக்குப் போட்டால், அட்டோவாகுவோன் கூட்டு ஒரு சுற்றுக்கு 1 + 42 + 7 = 50 மாத்திரை. விமானம் தள்ளிப்போனால், வாந்தியில் ஒன்று போனால் என்று ஐந்தாறு கூடுதலாக. லீவில் இரண்டு வாரம் மருந்தே இல்லாமல் கிடைக்கும். டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம் முடிவதற்குள் லீவு முடிந்து திரும்ப சைட்டுக்குப் போய்விடுவீர்கள், ஆக வேலை முடியும்வரை இடைவெளியே கிடையாது. பலரும் லீவுக்கு வந்த மூன்றாம் நாள் "இங்கே ஏது கொசு" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போட்டும் மலேரியா வந்தது என்று சொல்கிறவர்களை விசாரித்தால் பாதிக்கதை இதுதான்.

கறார்பேர்வழி
இவ்வளவு மாத்திரை ஈரலைக் கெடுக்காதா சார்? சைட்டில் பழைய ஆட்கள் யாரும் போடுவதில்லை. காய்ச்சல் வந்தால் மூன்று நாள் கோர்ஸ் போட்டு எழுந்து வேலைக்கு வந்துவிடுகிறார்கள். இன்னொன்று, மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் டெஸ்டில் கிருமி காட்டாது என்றும் சொல்கிறார்கள்.

நுண்ணோக்கி
டெஸ்ட் பற்றி நான் சொல்கிறேன். மாத்திரை போட்டும் கிருமி தப்பினால் அதன் எண்ணிக்கை குறைவாக இருக்கும், காய்ச்சல் தள்ளிப்போகும். அதனால் முதல் ஸ்லைடில் (ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) அகப்படாமல் போக வாய்ப்பு உண்டு. அதற்காக மருந்தை விடுவது தலைகீழ் நியாயம். திரும்ப டெஸ்ட் எடுப்பதுதான் வழி. முதல் ரத்தம் நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி நேரம் கழித்து ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று. 48 மணி நேரத்துக்குள் மூன்றும் நெகட்டிவ் என்றால்தான் மலேரியாவை ஓரம்கட்டலாம். ஒரு நெகட்டிவ் சீட்டை வைத்துக்கொண்டு "வைரஸ் காய்ச்சல்" என்று படுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

ஸ்லைடில் இரண்டு வகை. தடித்த பூச்சில் நிறைய ரத்தம் ஒரே இடத்தில் இருப்பதால் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரியும். மெல்லிய பூச்சில் எந்த வகை, சிவப்பணுவில் எத்தனை சதவீதம் என்று தெரியும். ரிப்போர்ட்டில் வெறும் "பாசிட்டிவ்" என்று எழுதியிருந்தால் வகையும் சதவீதமும் கேட்டு வாங்குங்கள், மருந்தும் அட்மிஷனும் அதை வைத்துத்தான்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அட்டை டெஸ்டில் தப்பு நடக்கும் இடங்கள்: ரத்தம் பெரும்பாலான அட்டைகளில் 5 மைக்ரோலிட்டர்தான், உடன் வரும் குழாயில் கோடு வரை. துளித் துளியாகப் பிழிந்து ஊற்றினால் பின்னணி சிவந்து கோடு தெரியாது. கரைசல் சொட்டு எத்தனை, எத்தனை நிமிஷத்தில் பார்க்கணும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிஷம். அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தில் தூக்கிப் போடுவார்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து மங்கலான கோட்டை நம்புவார்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் வைத்த அட்டை கெட்டுப்போயிருக்கும். டெஸ்ட் சரியாக ஓடியதைக் காட்டும் "சி" கோடு வரவில்லை என்றால் அந்த அட்டை செல்லாது, நெகட்டிவ் என்று எடுக்கக் கூடாது.

எரித்ரியா, ஜிபூத்தி, எத்தியோப்பியா பக்கம் இன்னொரு சிக்கல். அட்டை தேடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தையே தயாரிக்காத ஃபால்சிபாரம் அங்கே பரவியிருக்கிறது. எச்ஆர்பி2 மட்டும் பார்க்கும் அட்டை அங்கே பொய் சொல்லும். எல்டிஎச் என்ற இன்னொரு கிருமிப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் அட்டை வேண்டும், அல்லது ஸ்லைடு.

மருந்துப்பெட்டி
> ஈரலைக் கெடுக்காதா

ஆரோக்கியமானவர்களுக்கு இந்த அளவில் ஈரல் கெடுவது அபூர்வம். ஏற்கனவே ஈரல், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் மோசமாக இருந்தால், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழே என்றால், அட்டோவாகுவோன் கூட்டைத் தடுப்புக்குக் கொடுப்பதில்லை. மற்றபடி ஒவ்வொன்றிலும் தடுக்கி விழும் இடம் வேறு.

அட்டோவாகுவோன் வெறும் வயிற்றில் உடம்பில் ஏறாது. கொழுப்புள்ள சாப்பாடு, அல்லது ஒரு டம்ளர் முழுப் பாலுடன், தினமும் ஒரே நேரத்தில். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் வெயிலில் நிற்கிற வேலைக்குத் தொந்தரவு. தோல் சட்டென்று வெந்துபோகும். முழுக்கை சட்டையும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் முடியாது. படுக்கப் போகும்போது அரை வாய் தண்ணீரில் முழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், மூன்று நாள் எச்சில்கூட விழுங்க முடியாது. சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில், அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை, அல்சருக்குக் குடிக்கும் ஆன்ட்டாசிட் இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து வயிற்றிலேயே கட்டுப்பட்டு வீணாகும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று என்பதால் சுலபமாகத் தெரியும். மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு இதில் எது முன்பு இருந்திருந்தாலும் தொடவே கூடாது. தூக்கமின்மை, பயங்கரக் கனவு, தலைச்சுற்றல் வரலாம். தலைச்சுற்றல் நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்று 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடும் எச்சரிக்கை போட்டது. கிரேன் ஓட்டுகிறவர், உயரத்தில் வேலை செய்கிறவர், டைவர் இவர்களுக்கு என்னைக் கேட்டால் வேண்டாம். மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்கச் சொல்வதன் ஒரு காரணமே, தொந்தரவு வந்தால் கிளம்பும் முன் வேறு மருந்துக்கு மாறலாம் என்பதுதான்.

குளோரோகுவின் ஸ்டாக் இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் ஆப்பிரிக்காவுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஃபால்சிபாரத்துக்கு அது வேலை செய்த காலம் மலையேறிவிட்டது.

புதுவரவு
மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதே, அதைப் போட்டுக்கொண்டால் போதாதா?

மருந்துப்பெட்டி
ஆர்டிஎஸ்,எஸ் 2021இலும் ஆர்21 2023இலும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை பெற்றன. இரண்டுமே நோய் பரவியுள்ள இடங்களில் வாழும் குழந்தைகளுக்கு. வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகும் பெரியவர்களுக்கு இல்லை.

வேலியோரம்
கேம்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம். மாத்திரை பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கொசு தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கிறது, நள்ளிரவுக்கு மேல் உச்சம். எனவே அதிக ஆபத்து நைட் ஷிஃப்ட் கான்கிரீட் போடுகிறவர்களுக்கும் செக்யூரிட்டிக்கும். ஆபீஸ் அறையில் மருந்து புகைத்துவிட்டு வாட்ச்மேனை ஷார்ட்ஸில் உட்கார வைக்கும் கேம்ப்கள்தான் அதிகம். உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலையும் பாதத்தையும்தான் ஆப்பிரிக்கக் கொசு முதலில் தேடும். க்ரீமைக் கைக்கு மட்டும் தடவிவிட்டுக் காலை விடாதீர்கள்.

கொசு விரட்டி க்ரீம்: டீட் என்ற மருந்து 30 முதல் 50 சதவீதம், அல்லது பிக்காரிடின் 20 சதவீதம். டீட் 50க்கு மேல் போனாலும் பெரிய கூடுதல் பலன் இல்லை. வியர்வையில் கழுவிப்போகும் வேலை என்றால் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே திரும்பத் தடவணும். சன்ஸ்கிரீன் முதலில், காய்ந்த பிறகு மேலே டீட். வரிசை மாறக் கூடாது. வாட்ச் கண்ணாடி, பிளாஸ்டிக் சேஃப்டி கண்ணாடி, போன் கவர் இவற்றை டீட் உருக்கும். தடவிய கையால் தொடாதீர்கள்.

யூனிஃபார்முக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து, 0.5 சதவீத ஸ்ப்ரே. துணியின் வெளிப்பக்கம் நனையும் அளவுக்கு அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். தோலில் அடிப்பதற்கு அல்ல. ஐந்தாறு சலவைக்குப் பிறகு திரும்ப அடிக்கணும். பூனை, மீன் தொட்டி பக்கத்தில் கூடாது, இரண்டுக்கும் விஷம்.

கொசுவலை மருந்து ஏற்றியதாக இருக்கட்டும். உறையிலிருந்து எடுத்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டுக் கட்டுங்கள். வலையின் அடியை மெத்தைக்குக் கீழே சொருகணும், தரையில் தொங்கவிடக் கூடாது. முழங்கை வலையில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். ஆறடி ஆளுக்குச் சின்ன வலை கொடுத்தால் அதுதான் நடக்கும். ப்ளீச் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் மருந்து போய்விடும். சாதா சோப்பு, குளிர்ந்த தண்ணீர், நிழல்.

செங்கோணம்
ஏசி அறை, ஜன்னல் எல்லாம் மூடியது என்றால் வலை தேவையா? கேம்பைச் சுற்றி மருந்து அடிப்பதும் செய்வார்களாம்.

வேலியோரம்
ஜெனரேட்டர் நிற்கும் வரை தேவையில்லை. நின்றதும் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் ஜன்னலைத் திறப்பார்கள், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. வலையைக் கட்டியே வையுங்கள். ஏசியின் குழாய் போகும் சுவர் ஓட்டை, கதவின் அடி இடைவெளி இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் போகிற இடத்தில் கொசுவும் போகும்.

புகை அடிப்பது கண்ணுக்கு நன்றாக இருக்கும், பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும், அடுத்த நாள் புதுசு வரும். சாலை வேலையில் கொசுவை நாமே வளர்க்கிறோம் என்பதுதான் விஷயம். மண் எடுத்த குழி, டிப்பர் டயர் தடத்தில் தேங்கிய மழைத்தண்ணீர், க்யூரிங் தண்ணீர். காம்பியே என்ற ஆப்பிரிக்கக் கொசுவுக்கு வெயில் படும், ஆழமில்லாத, தெளிந்த குட்டைதான் இஷ்டம். சாக்கடையைத் தேடிக்கொண்டு அலையாதீர்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆவதற்கு அந்த வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை ஒரு ஆள் சுற்றி வந்து மூடுவதோ வடிப்பதோ செய்தால் சுழற்சி அறுபடும். மாதம் ஒருமுறை என்றால் பயனில்லை. மூட முடியாத குழிக்கு பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து.

கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம் ஸ்டெஃபென்சை என்ற ஆசியக் கொசு புதிதாக வந்திருக்கிறது, 2012இல் ஜிபூத்தியில் கண்டுபிடித்தார்கள். அது டேங்க், டிரம் தண்ணீரில் முட்டையிடும், ஊருக்குள்ளேயே பரப்பும். "டவுன்ல மலேரியா கிடையாது" என்ற பழைய பேச்சு அங்கே இனி எடுபடாது. டேங்குக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

இன்னொன்று, கொசு கிருமியைப் பக்கத்திலிருக்கும் மனுஷனிடமிருந்துதான் எடுக்கிறது. உள்ளூர்த் தொழிலாளர் லைனுக்கு வலையும் டெஸ்டும் கொடுக்காமல் வெளிநாட்டு ஆட்களின் கேபினை மட்டும் காப்பாற்றலாம் என்று நினைப்பது வேலைக்காகாது.

கடற்காற்று
கப்பல் ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டால் ஆபத்து மிகக் குறைவு, ஜெட்டியில் கட்டினால் கேம்ப் மாதிரிதான். துறைமுகத்துக்குள் நுழையும் நாளை வைத்து மாத்திரை ஆரம்பிக்கணும், வாயேஜ் ஆர்டர் கடைசி நிமிஷம் மாறும் என்பதால் அட்டோவாகுவோன் கூட்டுதான் வசதி. பொழுது சாய்ந்ததும் அக்கமடேஷன் கதவு மூடியிருக்கணும், கேங்வே வாட்ச் ஆளுக்கு முழுக்கை பாய்லர் சூட். காய்ச்சல் வருவது பெரும்பாலும் நடுக்கடலில்தான், ஒன்றிரண்டு வாரம் கழித்து. அட்டை டெஸ்டும் முழுக் கோர்ஸ் மருந்தும் கப்பல் மருந்துப்பெட்டியில் இல்லாமல் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போகக் கூடாது.

கறார்பேர்வழி
சரி, அந்த மூன்று நாள் கோர்ஸ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

மருந்துப்பெட்டி
சொல்கிறேன். ஆர்ட்டிமெதர்-லூமெஃபான்ட்ரின், நல்ல மருந்து. 35 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு 20/120 மாத்திரை ஒரு வேளைக்கு 4. முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு இரண்டு நாள் காலை மாலை. மொத்தம் ஆறு வேளை, 24 மாத்திரை. 80/480 என்று பெரிய மாத்திரையும் உண்டு, அது வேளைக்கு ஒன்று, மொத்தம் 6. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் குழப்பினால் நாலு மடங்கு போய்விடும், அல்லது கால்வாசிதான் போகும். இதற்கும் கொழுப்புள்ள சாப்பாடு அவசியம். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைப் பையில் போடுவது வழக்கம், கிருமி ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வரும்.

இதைத் தடுப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்வதில் என்ன கோளாறு என்றால், வாந்தி எடுப்பவருக்கு வாய் வழி மருந்து தங்காது, குழம்பிப் பேசுபவர் தானே மருந்து எடுக்க மாட்டார். அந்த நிலையில் வேண்டியது நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி, பெரியவர்களுக்கு கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், 0, 12, 24ஆம் மணி நேரத்தில். சைட்டிலிருந்து அந்த ஊசி இருக்கும் ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம் என்பதைப் போகும் முன்பே கேளுங்கள். கூடவே, தெருக்கடையில் வாங்கும் மலேரியா மருந்தில் போலி நிறைய. கோர்ஸை ஊரிலிருந்தே கொண்டு போங்கள், தடுப்புக்குப் போடும் அதே மருந்தாக இருக்கக் கூடாது. அட்டை டெஸ்ட், டாக்டர் எதுவும் 24 மணி நேரத்துக்குள் கிடைக்காத இடத்துக்குத்தான் அந்தக் கோர்ஸ். போட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குழப்பம், மூச்சிரைப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பு அல்லது குறைவு, நிற்க முடியாத தளர்ச்சி, ஓயாத வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அட்மிஷன்.

நுண்ணோக்கி
காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்கத்தோடு வந்தால்தான் மலேரியா என்று காத்திருக்காதீர்கள். ஃபால்சிபாரம் ஆரம்பத்தில் கண்டபடி வரும். வெறும் தலைவலி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு என்றும் தொடங்கும். சைட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஏழு நாளைக்குள் வரும் காய்ச்சல் அந்தப் பயணத்து மலேரியா இல்லை, அதற்குள் கிருமி ஈரலைத் தாண்டியிருக்காது. ஆனால் ரொட்டேஷனில் இருப்பவருக்குப் போன சுற்றின் கடியும் கணக்கில் வரும் என்பதால் இந்த விதியை நம்பி உட்காராதீர்கள்.

லீவில் வருவதுதான் மோசம். சைட்டில் காய்ச்சல் என்றால் சமையல்காரர்கூட மலேரியா டெஸ்ட் எடுக்கச் சொல்வார். மலேரியா இல்லாத ஊரில் டாக்டருக்கு அது நினைப்பிலேயே வராது. தட்டணு குறைந்திருப்பதைப் பார்த்து டெங்கு என்பார்கள். வைடால் டெஸ்ட் பாசிட்டிவ் என்று டைஃபாய்டு மருந்து ஓடும், மலேரியாவிலும் வைடால் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். டாக்டர் கேட்பதற்குக் காத்திருக்காமல் உள்ளே நுழைந்ததும் சொல்லுங்கள்: "இந்தத் தேதிவரை இந்த நாட்டில் இருந்தேன், இந்த மாத்திரை போட்டேன் அல்லது போடவில்லை, இன்றைக்கே மலேரியா ஸ்லைடு வேண்டும்." வீட்டில் இருப்பவருக்கும் இது தெரிந்திருக்கணும், நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம்.

மருந்துப்பெட்டி
எவ்வளவு காலம் கவனம் வேண்டும் என்றால், ஃபால்சிபாரம் பெரும்பாலும் திரும்பிய முதல் மாதத்தில், மூன்று மாதத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாம். வைவாக்ஸும் ஓவாலே என்ற இன்னொரு வகையும் ஈரலில் தூங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழும், மேலே சொன்ன மூன்று மாத்திரையும் அந்தத் தூங்கும் கிருமியைத் தொடாது. ஒரு வருஷம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் ஸ்லைடு எடுங்கள்.

அந்தத் தூங்கும் கிருமிக்கு பிரைமாகுவின். ஆனால் அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதிக்கான டெஸ்ட் கட்டாயம். அந்த நொதி குறைவாக உள்ளவர் போட்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். கிளம்பும் முன் எடுக்கும் ரத்த டெஸ்டோடு ஜி6பிடியையும் சேர்த்து எடுத்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ரத்தசோகையோடு அட்மிட் ஆன நேரத்தில் எடுத்தால் முடிவு தவறாக வரலாம்.

புதுவரவு
கோர்ஸ் முடிந்து இரண்டு வாரம் ஆன ஒருவருக்கு அட்டை டெஸ்டில் இன்னும் பாசிட்டிவ் காட்டுகிறதாம். திரும்ப மருந்து போடணுமா?

நுண்ணோக்கி
அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எச்ஆர்பி2 புரதம் கிருமி செத்த பிறகும் சில வாரம் ரத்தத்தில் சுற்றும். ஸ்லைடு எடுங்கள். அதில் கிருமி இல்லை, காய்ச்சலும் இல்லை என்றால் மருந்து தேவையில்லை. ஸ்லைடில் கிருமி இருந்தால் அதே கோர்ஸைத் தானாகத் திரும்ப ஆரம்பிக்காமல் வேறு மருந்துக்கு டாக்டரைப் பார்க்கணும். ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டு வந்தவர் என்றால் நாலு வாரம், வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகும் சிவப்பணு உடைவது சிலருக்கு நடக்கும், அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வேலைக்குக்கூடப் போயிருப்பார்கள்.